நிழல் கேட்டு வந்த ஒட்டகச் சிலந்தி

சுவைலிமுக்கு வயது நாற்பத்தெட்டு. இத்தனை காலத்தில் அவர் எதற்கும் பயந்ததே இல்லை. சினாய் மலைப்பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவரே ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறாரே. கைக்குழந்தையாக இருந்தபோது அவருடைய தாய் ஒரு தேளைச் சுட்டுப் பொடித்து, பாலில் குழைத்து நாக்கில் தடவினாளாம். விஷம் ஏறாமலிருக்க அங்கே எல்லாத் தாய்மாரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான். ஆனால் சுவைலிம் சொல்லிக் கேட்டால், அந்தத் தேள் அவருக்காகவே பிறந்து அவருக்காகவே வெந்தது போலிருக்கும்.

வெளிநாட்டு விருந்தாளிகளை மலையிடுக்குகளுக்குள் கூட்டிப்போவது அவர் தொழில். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டிய சந்துகள். இரண்டு பக்கமும் தலை சுற்றும் உயரத்துக்குச் சிவப்புப் பாறை. வெயிலுக்கு அங்கே ஒதுங்கும் ஜீவராசிகள் ஏராளம். அதனால் விருந்தாளிகளுக்கு முன்பே அவருடைய மனைவி நிஜ்மா கழுதையை ஓட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுமுனையில் தேநீருக்கு அடுப்பு மூட்டப் போகிறாள் என்பது வெளியே சொல்லும் காரணம். போகிற வழியெல்லாம் கம்பால் பாறையைத் தட்டி, “எந்திரிங்கடா, ராஜா வர்றார்” என்று தேள், பாம்பு, பல்லி எல்லாவற்றையும் கிளப்பிவிடுவாள். அப்புறம் ராஜா வருவார். இருபத்திரண்டு வருட ஏற்பாடு.

“தேள் கொட்டினா எனக்கு ஒண்ணும் ஆகாது, நிஜ்மா,” என்று கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். “கொட்டுறதுக்கு முன்னாடி நடந்து வருதே, அதைத்தான் பார்க்க முடியலை.”

அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கம்பை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு இத்தாலிக்காரப் பெண்மணி கருவண்டு ஒன்றைப் பார்த்து அலறிவிட்டாள். சுவைலிம் நெஞ்சை நிமிர்த்தினார். “பயப்படாதீங்கம்மா. என் பொண்டாட்டியும் இப்படித்தான். எறும்பைப் பார்த்தாலே மயக்கம் போட்டு விழுந்துடுவா. நான்தான் தோள்ல தூக்கிட்டுப் போவேன்.”

பத்தடி தள்ளி, பாறைக்குப் பின்னால் நிஜ்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டியைச் சுட்டாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். பிறகு தேநீர்க் கெண்டியைக் கழுதை மேல் கட்டிக்கொண்டு தம்பி ஃபரீஜின் கூடாரத்துக்குப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போவது அங்கே எந்தப் பெண்ணும் செய்வதுதான். கெண்டியையும் கொண்டுபோனால் விஷயம் பெரிது.

ஐந்து நாள் சுவைலிம் ஒரு பழைய தகர டப்பாவில் தேநீர் போட்டுக் குடித்தார். தகரமாகவே இருந்தது. இரவில் கம்பளத்தில் தன் பாதியில் மட்டும் படுத்தார். மறுபாதியில் கை பட்டால் கம்பளம் குளிர்ந்தது. ஆறாம் நாள் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“அத்தான், அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது,” என்றான் ஃபரீஜ். “உம் தபீப் வழியா நடந்து வரணுமாம். தனியா. வந்தா பேசுமாம். வரலைன்னா கெண்டி இங்கேயே இருக்கட்டுமாம்.”

“உம் தபீப் எனக்கு என்ன பெரிய விஷயம், மச்சான்? நான் தேள் சாம்பல்ல வளர்ந்தவன்.”

“தெரியும் அத்தான். அதான் அந்த வழி.”

உம் தபீப் என்றால் ஊர்வனவற்றின் தாய்; ஃபரீஜின் கூடாரத்துக்குப் போகும் மலையிடுக்கின் பெயர். அரைமணி நேர நடைதான். மறுமுனை வரை வண்டியில் சுற்றிப் போய், கடைசிப் பத்தடி மட்டும் உள்ளிருந்து நடந்து வந்தாலென்ன என்று சுவைலிம் யோசிக்காமலில்லை. ஆனால் அந்தப் பக்கத்து ஜனங்களில் தடம் படிக்கத் தெரியாத ஆளே கிடையாது. மணலில் ஒரு செருப்புத் தடத்தைப் பார்த்தால் யார், எப்போது, எந்த யோசனையில் நடந்தார் என்பது வரை சொல்லிவிடுவார்கள். நிஜ்மாவிடம் அந்தப் பருப்பு வேகாது.

காலை ஒன்பது மணிக்கு நுழைந்தார். நூறு தப்படியில், தரையில் நீளமாக ஒன்று கிடந்தது. சுவைலிம் இடுக்கின் வாசலுக்குத் திரும்பி வந்த பிறகுதான், அது பாம்பு உரித்துப் போட்ட சட்டை என்பது அவர் புத்திக்கு எட்டியது. மறுபடி போனார். சட்டையைத் தாண்டி, சந்து குறுகிய இடத்தில் பக்கவாட்டில் திரும்பினார். மூக்குக்கு நேரே பாறையில் வைக்கோல் நிறத்தில் ஒரு தேள், வாலைச் சுருட்டிக்கொண்டு தூங்கியது. இந்தத் தடவை வாசல் இன்னும் சீக்கிரம் வந்துவிட்டது.

மூன்றாவது தடவை தேளின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு, “நான் உன்னைப் பார்க்கலை, நீ என்னைப் பார்க்கலை” என்று சொல்லியபடியே கடந்தார். நடுவில் பாறை விலகி, ஒரு அறை அகலத்துக்கு வெயில் விழும் இடம் உண்டு. அங்கே உள்ளங்கை அகல ஒட்டகச் சிலந்தி ஒன்று அவரை நோக்கி ஓடிவந்தது. அவர் இடப்பக்கம் ஓடினார், அதுவும் ஓடியது. வலப்பக்கம் திரும்பினார், அதுவும் திரும்பியது. ஒரு செருப்பு கழன்றது. தேளைக் கடந்ததுகூடத் தெரியாமல் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். விரல் மணலில் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தது. வண்டி பக்கத்திலேயே நின்றது. நிஜ்மா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது: “அது உங்களையா துரத்துது? உங்க நிழலைத் துரத்துது. வெயில்ல அதுக்கும் கால் சுடாதா?”

எழுந்தார். வெயிலிடத்துக்கு மறுபடி வந்தபோது சிலந்தி காத்துக்கொண்டுதான் இருந்தது. சுவைலிம் அசையாமல் நின்றார். அது ஓடிவந்து அவருடைய நிழலில் நின்று, இளைப்பாறியது. நிழல் கேட்டு வந்தவனை விரட்டக் கூடாது என்று விருந்தாளிகளுக்கு எத்தனை பிரசங்கம் செய்திருக்கிறார்! கழன்று கிடந்த செருப்பைக் கால் விரலால் மெல்ல இழுத்து, ஒரு கல்லில் சாய்த்து வைத்தார். அதனடியில் சின்னதாக நிழல் விழுந்தது. சிலந்தி கொஞ்சம் யோசித்துவிட்டு அதற்குள் போயிற்று. சுவைலிம் ஒற்றைச் செருப்போடு போய்விட்டார்.

ஃபரீஜின் கூடாரத்தில் முதல் கோப்பைக் காப்பி உள்ளே போனதும் அவருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. “கொம்பு விரியன், மச்சான். தொடை தண்டி. செருப்பாலேயே ஒரே அடி!”

“அப்ப செருப்பு?”

“விஷம் பட்ட செருப்பை எவன் போடுவான்?”

நிஜ்மா கம்பை எடுத்தாள். “நான் போய்த் தடம் படிச்சிட்டு வர்றேன்,” என்று சொல்லிவிட்டு இடுக்குக்குள் போனாள். சுவைலிமுக்குக் காப்பி கசந்தது.

ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். உட்காரவில்லை.

“பாம்புச் சட்டை கிட்ட குதிகாலே பதியலை. முன்னங்கால் மட்டும். ஓட்டம்.”

“யாரு ஓடினது அக்கா, விரியனா?” என்றான் ஃபரீஜ்.

“விரியனுக்கு ஏதுடா கால்? தேள் கிட்ட இன்னொரு ஓட்டம். தேள் இன்னும் தூங்குது, பாவம். வெயில்ல ஒட்டகச் சிலந்தியோட நாட்டியம். அப்புறம் வாசல் வரைக்கும் ஒத்தைச் செருப்பு.”

சுவைலிம் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எதுவும் இல்லை.

“வாசல்ல உக்கார்ந்த பள்ளம் இருக்கு,” என்றாள் நிஜ்மா. குரல் இறங்கியிருந்தது. “ஆழமாவே இருக்கு. மணல்ல விரலால ஒரு கெண்டி போட்டிருக்கார். மூக்கு கோணலா. நம்ம கெண்டி மூக்கு கோணல்தான்.”

ஃபரீஜ் அத்தானின் காலிக் கோப்பையை நிரப்பினான்.

“மூணு தடவை ஓடியிருக்கார். நாலு தடவை வந்திருக்கார்,” என்றாள். “தேள் சாம்பல்ல வளர்ந்தவனுக்கு ஒரு தடவை வந்தா போதும். பயந்துக்கிட்டே நாலு தடவை வர்றது வேற.”

“செருப்பைக் கொண்டுவரலையா?” என்று சுவைலிம் மெதுவாகக் கேட்டார்.

“எப்படி எடுக்கிறது? உள்ள உங்க விருந்தாளி இருக்கான்.” கெண்டியை எடுத்துக் கழுதை மேல் கட்டினாள். “ஒண்ணு மட்டும் பாக்கி, ஹுமைத் அப்பா. விருந்தாளிங்க முன்னாடி சொன்னதை விருந்தாளிங்க முன்னாடியே திருப்பி எடுக்கணும்.”

அடுத்த வியாழக்கிழமை எட்டு ஜெர்மானியர்கள் வந்தார்கள். இடுக்கின் வாசலில் சுவைலிம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பாறைக்கு அப்பால் கம்பு தட்டும் சத்தம் நின்று, காத்திருந்தது.

“முன்னாடி போறது என் பொண்டாட்டி. எதுக்கும் பயப்படாதவ. பயப்படறது நான்.” நெஞ்சு தானாகவே நிமிர்ந்தது. “சினாய் முழுக்கத் தேடினாலும் என் அளவுக்குப் பயப்படத் தெரிஞ்சவன் ஒருத்தன் கிடைக்க மாட்டான். ஒரு தடவை ஒரு ஒட்டகச் சிலந்தி, ஆட்டுக்குட்டி தண்டி...”

“உள்ளங்கை!” என்று இடுக்குக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“உள்ளங்கை அகலம்,” என்றார் சுவைலிம்.

கம்பு மறுபடி தட்ட ஆரம்பித்தது.