கொட்டிப்போன தெபாச்சே

ஞாயிறு விருந்துக்காக ரெமேதியோஸ் அன்னாசித் தோலோடு வெல்லமும் பட்டையும் போட்டு, தெபாச்சே என்ற பானத்துக்காக மூன்று நாளாகப் பானையில் புளிக்க வைத்திருந்தாள். குவாதலஹாரா வெயிலில் அது இல்லாமல் பன்றிக்கறி தொண்டையில் இறங்காது. கறி வெந்ததும் போய்ப் பார்த்தால், பானை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"நான்தான் கழுவினேன் அண்ணி," என்றாள் காலையில் மோந்தெர்ரேயிலிருந்து வந்திறங்கிய நாத்தனார் கிரிசெல்தா. "வெறும் தோலு, நுரைதள்ளி நாறிக்கிட்டிருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு கொட்டிட்டேன்."

"அது நுரைக்கணும்னுதான்டி மூணு நாளா காத்துக்கிட்டிருந்தேன்!"

கத்தியும் ஆத்திரம் அடங்கவில்லை. அதற்குள் பதினோரு பேர் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். ரெமேதியோஸ் ஜாடித் தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்த வேகத்தில் விதையெல்லாம் உள்ளே விழுந்தது.

"இவ்வளவு காரமா சமைச்சிருக்கீங்களே, குடிக்க வேற ஒண்ணும் இல்லையா அண்ணி?" என்றாள் கிரிசெல்தா.

ரெமேதியோஸ் ஜாடியை அவள் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.