கருகின ஃபியூஸ்

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் காரணம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மாடி வீட்டுக்காரர் பேட்டரி என்றார். எதிர்வீட்டு டெய்லர் செல்ஃப் மோட்டார் என்று அடித்துச் சொன்னார். பால் போட வருகிறவர்கூட நின்று, "பெட்ரோல் இருக்கான்னு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலமெல்லாம் வாடகைக் கார் ஓட்டின மனுஷரிடம் கேட்கிற கேள்வியா அது! டாக்சிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பானட்டைத் திறந்தார்.

உண்மையான காரணம் அவர் மனைவிக்குத் தெரியும். அது சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீல ஃபியூஸ். அது இருந்தால்தான் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் போகும். காரில் அது இருந்த இடத்தில் இப்போது அதே நிறத்தில் ஒரு கருகின ஃபியூஸ் உட்கார்ந்திருந்தது.

"இத சொருகிட்டா செல்ஃப் அடிக்கும் அண்ணி, இன்ஜின் சுத்தும். ஆனா பிடிக்காது" என்று சொல்லிக்கொடுத்தவர் மெக்கானிக். ஒல்லியும் நெட்டையுமாக இருப்பதால் தெருவே அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடும். டாக்சிக்காரரின் பழைய சிநேகிதர்.

அவளைக் குறை சொல்ல வாயைத் திறக்காதீர்கள். கண் நரம்பு காய்ந்துவிட்டது, இனிமேல் வண்டியே ஓட்டக் கூடாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த மனுஷர் கேட்டால்தானே? "ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று கிளம்பினார். பள்ளிக்கூட வாசலில் ஒரு சின்னப் பெண்ணின் புத்தகப் பையைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது கார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அங்கே நின்றதே அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்து அவள்தான் பார்த்தாள். சண்டை போட்டாள், அழுதாள், சாவியை ஒளித்து வைத்தாள். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. பிறகு வேறென்ன செய்வாள், பாவம்?

அதிலிருந்து தினமும் காலையில் டீயைக் குடித்ததும் அவர் போய்க் காரில் உட்காருவார். சாவியைத் திருப்புவார். இன்ஜின் கொர் கொர் என்று சுற்றும், பிடிக்காது. ப்ளக்கைக் கழற்றித் துடைத்தார். வயரை மாற்றினார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றினார். கொக்கு அவ்வப்போது வந்து பானட்டுக்குள் தலையை விட்டு, "பம்பா இருக்குமோண்ணே? பார்ட் வரட்டும், பாக்கலாம்" என்று கூசாமல் புளுகிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நழுவிவிடுவார்.

ஒரு நாள் டாக்சிக்காரர் ஃபியூஸ் பெட்டியையே திறந்துவிட்டார். பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் கையிலிருந்த சேலையைக் கொடியில் போடாமலே நின்றாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கருகினதும் கையில் வந்தது. உள்ளே கம்பி அறுந்து கறுத்திருப்பது அவள் நின்ற இடத்துக்கே தெரிந்தது. அவர் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று திரும்ப அதே இடத்தில் சொருகினார்.

அப்பாடா, தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள். அன்றைக்கு அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் மனுஷர் ஒடுங்கிப்போனார். "சத்தத்த வச்சே என்ன கோளாறுன்னு சொல்லிடுவேன். இப்ப ஒண்ணுமே பிடிபட மாட்டேங்குது" என்றார். சவரம் செய்வதை விட்டார். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால், "வை, வரேன்" என்பார். வர மாட்டார்.

கண்தானே போயிருந்தது, மிச்சத்தை நான் பிடுங்கிவிட்டேனே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டைப் பூட்டு போட்டுப் பூட்டிவிட்டு, வாசலில் நிற்கிற வண்டியை அவர் ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருந்தால் என்ன? அந்தச் சத்தத்தைக் கேட்டாலாவது எழுந்து நடமாடுவார். அவள் நல்ல ஃபியூஸை எடுத்துப் போய், கருகினதைப் பிடுங்கிவிட்டுச் சொருகினாள். அவர் இன்னொரு தடவை ஏமாற வேண்டாமே என்று, முதலில் தானே சாவியைத் திருப்பிப் பார்த்தாள். அங்கேதான் புத்தி கெட்டுப்போனது அவளுக்கு.

ஒரே திருப்பு. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்படியே ஓட விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "என்னங்க! கேக்குதா? வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு, எழுந்து வாங்க!"

அவர் எழுந்து உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டார். முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. "யாரு, கொக்கா?"

"இல்ல, நான்தான் திருப்பினேன்."

வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. "நீயா?" என்றார். "அப்ப வண்டில ஒண்ணுமில்ல. கோளாறு என் கையிலதான்."

"ஐயோ, அப்படி இல்லைங்க! நான்தான் ஃபியூஸ மாத்தி வச்சேன். நீங்க ஓட்டக் கூடாதுன்னு..."

"ஃபியூஸா? ஒவ்வொண்ணா வெயில்ல பிடிச்சுப் பாத்தேனே. நீயும் பக்கத்துலதானே நின்னே? எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு."

அதில் ஒன்று கருகினது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. கை போய்விட்டதென்று படுத்துக் கிடக்கிற மனுஷரிடம், கையில் பிடித்திருந்த பொருளே உங்களுக்குத் தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வாள்? சொல்லாவிட்டால் அவருக்குக் கை போனது போனதுதான். அதைச் சொல்லாமலே அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள்.

"எனக்காகப் பொய் சொல்லாதே" என்றார் அவர். கோபம்கூட இல்லை குரலில்.

"ஒரே ஒரு தடவ வந்து திருப்பிப் பாருங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கிறேன்."

"திரும்பவும் பிடிக்கலைன்னா? இனிமே என்னால தாங்க முடியாதும்மா. போய் ஆஃப் பண்ணு, பெட்ரோல் வீணாகுது."

அவள் போனாள். ஒரு விக்கல் திக்கல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை நிறுத்தினாள். ஜன்னல் வழியாக அவர் குரல் வந்தது.

"கொக்குகிட்ட சொல்லி வித்துடு. நல்லா ஓடுற வண்டின்னே சொல்லச் சொல்லு."