சைரன் வாயில் அடைத்த துணி

அந்த ஆற்றோரத் தெருவில் தையல்காரருக்கு இரண்டு பட்டங்கள். ஒன்று, எந்நேரமும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் வந்த ‘இஞ்ச் டேப்’. மற்றது, அவரே தனக்குச் சூட்டிக்கொண்ட ‘சைரன் பொறுப்பாளர்’. முதலாவதைச் சொல்லிக் கூப்பிட்டால் முறைப்பார். இரண்டாவதைச் சொல்லி யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குவார்.

போன வெள்ளத்துக்குப் பிறகு தெருவே பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசியிருந்தது. ஆறு ஏறுவதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஏறப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் உயிர் தப்பும். அதனால் மேட்டு வீடு ஒவ்வொன்றும் பள்ளத்து வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நடக்க முடியாதவரை யார் தூக்குவது, எந்தச் சந்து வழியாக ஏறுவது என்று எல்லாம் பேசி வைத்தாயிற்று. மதகுக்காரர் போன் செய்வார், தையல்கடை மாடியில் இருக்கும் சைரனைத் தையல்காரர் அலறவிடுவார். வாரம் ஒரு சோதனை. சைரனைப் பொருத்தியது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. எலெக்ட்ரீஷியன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பேத்தி பிறக்கும்வரை.

முதல் சோதனைச் சத்தத்துக்கே குழந்தை தூக்கிவாரிப்போட்டு, இரண்டு கையையும் விரித்து, மூச்சு வாங்காமல் அழுதது. தாத்தா தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். அடுத்த வாரம், தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த வெட்டுத் துணியை அள்ளிக்கொண்டு மாடி ஏறி, சைரன் குழாயின் வாயில் திணித்துவிட்டார். சோதனை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். அடுத்த வாரமும் அடைக்கத்தானே வேண்டும், எதற்கு ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும் என்று சோம்பல் கேட்டது. நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

பள்ளத்தின் கடைசி வீட்டில் ரிட்டையர்டு கண்டக்டர் தனியாக இருந்தார். ஒரு கால் வராது. அவர் மட்டும் ஒருநாள் கேட்டார்.

“என்னப்பா, இந்த வாரம் சைரன் ஊதவே இல்லையா?”

“ஊதினேனேண்ணே. காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்.”

“அப்படியா? நான் காதுதான் போச்சோன்னு பயந்துட்டேன்.”

தையல்காரர் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு நெஞ்சில் ஊசி இறங்கும்.

மழை மலைப்பக்கம் கொட்டிய ஒரு மத்தியானம் போன் வந்தது. “தண்ணி கிளம்பிடுச்சு. அடிச்சு விடுங்க.”

அவர் சுவிட்சைப் போட்டார். ஜலதோஷம் பிடித்த பூனை தலையணைக்கு அடியில் கத்துவதுபோல் ஏதோ கேட்டது. அப்போதுதான் துணி ஞாபகம் வந்தது.

மாடி ஏறி அதைப் பிடுங்கியிருக்கலாம். படியில் கால்கூட வைத்தார். ஆனால் அந்த மாடி தெருவுக்கே தெரியும் மாடி. எல்லோரும் பார்க்கத் துணியை எப்படி உருவுவது? கால் தானாகத் திரும்பியது. தெருவில் இறங்கி, “தண்ணி வருது! ஏறுங்க!” என்று கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினார்.

தெரு முழுக்க ஏறிவிட்டது. கடைசி வீடுவரை அவர் போய்ச் சேருவதற்குள் தண்ணீர் முந்திக்கொண்டது. கண்டக்டர் மேஜைமேல் உட்கார்ந்து, இடுப்பளவு தண்ணீரில், பழைய விசிலை ஊதிக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குப் பொறுப்பான மச்சான் விசில் வந்த திசையில் நீந்திப் போய், அவரை முதுகில் கட்டித் தூக்கி வந்தார். கண்டக்டருக்குக் காய்ச்சல் விட வாரக்கணக்கானது. அதுவரை தெரு சேறு வாருவதிலேயே கிடந்தது, சைரன் பக்கம் யாரும் போகவில்லை, தையல்காரரும் மாடிப்படியைப் பார்க்கவே அஞ்சினார்.

அவர் எழுந்து நடமாடத் தொடங்கியதும் தையல்கடை வாசலில் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூட டீச்சர்தான் பேசினார். “சைரன் கைவிட்டுடுச்சு. இவர் கைவிடல. உயிரைப் பணயம் வச்சு ஓடினார்.” கைதட்டல். தையல்காரர் தரையைப் பார்த்தார். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

“எல்லாம் சரி, சைரன் ஏன் வேலை செய்யல?” என்றது ஒரு குரல்.

“மட்டமான சரக்கைப் போட்டிருப்பாரு எலெக்ட்ரீஷியன். வேறென்ன?”

மச்சான் ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். “நான் பார்த்துப் பார்த்துத்தான் மாட்டினேன். ஆனா தப்பு எங்கிட்டதான் இருக்கும்போல. கழட்டிப் பார்க்கிறேன்.”

முதுகில் ஆளைச் சுமந்து வந்தவன் தலை குனிந்து நிற்கிறான். குனிய வேண்டிய தலைக்குக் கைதட்டல். தையல்காரர் மாடிப்படியை நோக்கி நகர்ந்தார்.

“நீ இரு மாப்ள. நான் ஏறுறேன்.”

“மாமா, உங்களுக்கு என்ன தெரியும் இதுல?”

“இதுல எனக்கு மட்டும்தான் தெரியும்.”

மாடியில் நின்று பார்த்தால் மொத்தத் தெருவும் அண்ணாந்து நின்றது. துணியைச் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டு, “ஒயரு லூசு” என்று கத்திவிடலாம். கை அதற்குத் தயாராகத்தான் இருந்தது. கீழே மச்சான் இன்னும் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டிருந்தார். தையல்காரர் குழாய்க்குள் கையை விட்டு இழுத்தார். நீலக் கோடு போட்ட துண்டு ஒன்று வந்தது. உயர்த்திப் பிடித்தார். அடுத்தது மஞ்சள். அப்புறம் சிவப்புப் பூ.

கீழே கூட்டம் நெருங்கி வந்தது.

“ஏங்க, அந்தச் சிவப்புப் பூ என் ரவிக்கைத் துணி!” என்றாள் ஒருத்தி. “மிச்சம் ஒரு இஞ்ச்கூட இல்லன்னீங்க!”

“அந்த நீலக் கோடு என் சட்டை!”

துண்டு துண்டாகத் தெருவின் பாதி உடுப்பு குழாயிலிருந்து வந்தது. சிரிப்பு கிளம்பி, பாதியில் அறுந்தது. துணி யாருடையது என்பதைவிட அது அங்கே எப்படிப் போனது என்பது ஒவ்வொருவருக்காக உறைத்தது. மனைவி பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“குழந்தை பயந்துச்சு,” என்றார் தையல்காரர். “நான்தான் அடைச்சேன். மாப்ள மேல ஒரு குத்தமும் இல்ல.”

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நாற்காலியில் இருந்த கண்டக்டர்தான் வாயைத் திறந்தார். “அந்தச் சாம்பல் கலர் என்னோடது. துணி பத்தலைன்னு சட்டைக் கையைக் குட்டையா வச்சியே, அதுதானே?”

“ஆமாண்ணே.”

“அப்போ என் காது நல்லாத்தான் இருந்திருக்கு.”

இப்போது சைரன் வாய்க்கு மச்சான் கம்பி வலை போட்டிருக்கிறார். மாடிச் சாவியும் சுவிட்சும் டீச்சரிடம். சோதனைக்கு முன்னால் பேத்தியைத் தூக்கிக்கொண்டு பள்ளத்துக்கு நடக்கும் வேலை மட்டும் தையல்காரருக்கு. சத்தம் கடைசி வீடுவரை வருகிறதா என்று கேட்டுவர வேண்டும். வழி நெடுக ஒவ்வொரு வாசலிலும் ஒரு கண்ணாவது அவரைப் பார்க்கும். குழந்தையின் காதுகளைப் பொத்துவதற்கே கை போய்விடுவதால், முகத்தை மூடக் கையிருக்காது.

“கேட்டுச்சாண்ணே?”

கண்டக்டர் வீறிட்டழும் பேத்தியைப் பார்ப்பார். சாம்பல் சட்டையின் கையை, அது இப்போது ஒட்டுப்போட்டு மணிக்கட்டுவரை நீண்டிருக்கிறது, இழுத்துவிட்டுக்கொள்வார்.

“உன் பேத்திதான் முதல்ல கேட்டுச்சு. அப்புறம் சைரனும் கேட்டுச்சு. போ.”