கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

சமூகப்பணிக் கல்லூரியின் பழைய கட்டிடத்தை இடித்தபோது, பயிற்சி அறைச் சுவரிலிருந்து கழற்றிய பெரிய கண்ணாடிக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான்கு பேர் அதைச் சாக்கு சுற்றித் தூக்கி வந்து, கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கும் பட்டமளிப்புப் படங்களுக்கும் நடுவே சாய்த்துவிட்டுப் போனார்கள். காப்பாளர் அம்மா சாக்கை விலக்கிப் பார்த்தார். மடியில் ஒரு துணிப்பையோடு, நாற்காலியின் நுனியில், எழுந்து போ என்றால் உடனே போய்விடுகிறவளாக அவள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைச் சாய்த்து வைத்ததில் அவளும் அவளுடைய அறையும் சாய்ந்திருந்தன. முதல் வேலையாக அதை நிமிர்த்தி வைக்கச் சொன்னார். பிறகு வரவுப் பதிவேட்டில், ‘கண்ணாடி ஒன்று, பெண் ஒருவர், நிலை நன்று’ என்று எழுதினார். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. வெளியூரில் பிள்ளை உண்டாகியிருந்த மகளோடு போய் இருந்துவிடுவதாக ஏற்பாடு. இருக்கிற வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவரும் நினைத்தார்.

அது ஒருவழிக் கண்ணாடி. அந்தக் காலத்தில் மாணவர்களைப் பேட்டி எடுக்கப் பழக்கியதே அதை வைத்துத்தான். வெளிச்சமான அறையில் ஒரு மாணவர், உதவி கேட்டு வந்தவரிடம் பேசுவார். மற்றவர்கள் பக்கத்து இருட்டறையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். இருட்டில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்குத் தன் முகம்தான் தெரியும். அந்தப் பெண் வந்த நாளின் குறிப்புக் கட்டு காப்பகத்திலேயே கிடைத்தது. மாணவர் முதுகை நேராக வைத்திருந்தார், குறுக்கே பேசவில்லை, தலையை அளவாக ஆட்டினார் என்று வகுப்பே மாய்ந்து மாய்ந்து எழுதியிருந்தது. அவள் எதற்காக வந்தாள் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது, ஒத்துழைப்பு நன்று, அவ்வளவுதான் அவளைப் பற்றி. சந்தேகம் கேட்க மாணவர் வெளியே போனபோது மணி அடித்துவிட்டதால் வகுப்பு இனிதே நிறைவுற்றது என்று கடைசித் தாள் சொன்னது. அன்று எடுத்த படத்தில் அவள் தலைமுடி கறுப்பு. இப்போது பாதிக்கு மேல் நரை.

அந்த மாணவர் பேட்டிக் கலையில் பேர் போன பேராசிரியராகி, ஓய்வும் பெற்றிருந்தார். சொல்லி அனுப்பியதும் வந்தார். “ஐயோ, இந்தம்மாவா! இன்னுமா போகல?” என்றார். அவள் என்ன கேட்டாள் என்று காப்பாளர் அம்மா விசாரித்ததற்கு வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். “ஏதோ கேட்டாங்கம்மா. என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. சாரைக் கேட்டுட்டு வர்றேன், உட்காருங்கன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். சார் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அன்னிக்கு எனக்குத்தான் முதல் மார்க்.” “மூக்குக்கண்ணாடியை வண்டியில வெச்சுட்டேன். இதோ வந்துடறேன்” என்று எழுந்து போனவர்தான், பிறகு போனைக்கூட எடுக்கவில்லை. உடைத்துப் போட்டுவிடலாமே என்றார் கல்லூரி முதல்வர். உடைத்தால் அவள் என்ன ஆவாள் என்று காப்பாளர் அம்மா கேட்டார். முதல்வர் கூட்டம் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்.

கண்ணாடியைத் தாண்டிச் சத்தம் வரவில்லை, அவளுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கேட்க வந்ததைத்தான் சொல்லிப் பார்க்கிறாள், அது தெரிந்தால் எப்பாடுபட்டாவது செய்து கொடுத்துவிடலாம் என்று காப்பாளர் அம்மா காதுகேளாதோர் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியையை அழைத்து வந்தார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிக்கிறவர் அவர். கண்ணாடி முன் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒண்ணேதான் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க. ‘நான் போகலாங்களா?’ன்னு.” இதைச் சொல்லிவிட்டு அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். என்ன கஷ்டத்தோடு வந்தாளோ, அது இத்தனை காலத்தில் தீர்ந்தோ முற்றியோ போயிருக்கும். இப்போது அவளுக்கு வேண்டியது, போகலாம் என்ற ஒரு சொல். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

காப்பாளர் அம்மா மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தைவிட வெளிச்சமாக்கிவிட்டால் அவளுக்கு இங்கே தெரியுமே! பந்தல்காரரிடம் பெரிய விளக்குகளை வாடகைக்கு எடுத்து ஒரே நேரத்தில் போட்டார். உடனே கண்ணாடியில் அவருடைய முகமே அவருக்குத் தெரிந்தது, அவள் மறைந்துபோனாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, எழுதிக் காட்டிப் பயனில்லை. அதனால் “போங்கம்மா, நீங்க போகலாம், வீட்டுக்குப் போங்க” என்று தன் முகத்தைப் பார்த்தே கத்தினார். அவள் பக்கத்துக் கதவு இருந்த திசையைக் கை காட்டிக் காட்டித் தோள் வலித்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார். அவள் போகவில்லை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு, கதவையே பார்த்தபடி இருந்தாள். உதடு அசைவது நின்றிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஆள் வந்துவிட்டது, அந்தக் கதவு வழியாக இதோ உள்ளே வரப்போகிறது என்று நம்பிவிட்டாள். காப்பாளர் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஓய்வு நாள் வந்தது. கைக்கடிகாரம் கொடுத்தார்கள், நல்லபடியாக நாலு வார்த்தை பேசினார்கள். மறுநாள் காலையும் காப்பாளர் அம்மா வந்து விளக்கைப் போட்டு முகத்தைக் காட்டினார். ஒரு நாள் காட்டாவிட்டாலும் அங்கே உதடு மறுபடி அசைய ஆரம்பித்துவிடுகிறது. புதிதாக வந்த காப்பாளர் தங்கமானவர், ஓரமாக ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். சும்மா கிடக்கும் கண்ணாடிதானே என்று முதல்வர் அதன் முன் பெஞ்சு போட்டுப் பேட்டி வகுப்பைத் திரும்பத் தொடங்கினார். மாணவர்கள் இருட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். விளக்கு எரியும்போது காப்பாளர் அம்மா நிற்கும் விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. குறிப்புகளைக் கட்டி அடுக்குவதும் அவரே.

மகளுக்குக் குழந்தை பிறந்து, அது நடக்கவும் பேசவும் பழகிவிட்டது. “எப்பம்மா வர்றே? நீ வர்றேன்னு சொன்னதுலேர்ந்து பாப்பா வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கா” என்று மகள் போனில் கேட்கிறாள்.

“இதோ வந்துடறேன்மா. அவளை அங்கேயே இருக்கச் சொல்லு” என்கிறார் காப்பாளர் அம்மா. போனை வைத்துவிட்டு விளக்கைப் போடப் போகிறார்.