றோமாபுரி மண்டபத்தில் பெண் பார்த்தது

செரீனாவுக்கு அன்று காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. காதணியை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் முதலில் போட்டதையே போட்டுக்கொண்டு தாயுடன் சப்வே ஏறினாள். மியூசியத்துக்குப் போகிற ஒருத்திக்கு இவ்வளவு படபடப்பு எதற்கு என்று எதிரே இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். அவள் மியூசியம் பார்க்கப் போகவில்லை. மியூசியத்தில் வைத்து அவளைப் பார்க்க வருகிறார்கள்.

எங்கள் சனத்துக்குப் பெண் பார்ப்பதற்கென்று ஒரு பாசாங்கு உண்டு. கத்தோலிக்க வேதக்காரர் என்றால் ஊரில் ஞாயிறு பூசைக்கு வந்ததுபோல வருவார்கள், தற்செயலாகக் கண்டதுபோலக் காண்பார்கள். சரிவராவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாருக்கும் மானம் போகாது. ஆனால் 1995இல், புலம்பெயர்ந்து வந்த ஸ்காபறோவில், தமிழ்ப் பூசையில் வைத்து ஒரு பெண்ணைப் பார்ப்பதும் றேடியோவில் அறிவிப்பதும் ஒன்றுதான். பூசை முடிந்து கோப்பி ஆறுவதற்குள் செய்தி பக்கத்து ஊர்களான பிக்கரிங், அஜக்ஸ் வரை போய்விடும். அதனால்தான் சம்பந்தம் பேசிய கிறிஸ்துநாயகம் அங்கிள் மூளையைக் கசக்கி இந்த இடத்தைப் பிடித்தார்.

"சனிக்கிழமை காலமை மியூசியத்துக்கு ஒரு தமிழனும் வரமாட்டான். றோமாபுரிச் சிலையள் வைச்சிருக்கிற மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் முன்னமே வந்திடுவினம். நீங்கள் பிறகு வாங்கோ. ஆரும் ஆரையும் தெரிஞ்ச மாதிரிக் காட்டக்கூடாது" என்றார்.

மாப்பிள்ளை ஜூலியஸுக்குப் பிறம்ரனில் ஒரு ட்ரக் கொம்பனியில் வேலை. செரீனாவுடன் ஒரேயொரு தடவை போனில் பேசியிருக்கிறான். ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று தொடங்கியவன் அவள் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடிக்கும்வரை பேசினான். அடிப்பிடித்த சோற்றைத் தின்றுகொண்டே, கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று அவள் தீர்மானித்துவிட்டாள்.

பயமெல்லாம் அவனுடைய தாயை நினைத்துத்தான். மக்டலீன் ரீச்சர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். பெண்ணின் தாய் தேத்தண்ணியைச் சத்தம்போட்டு உறிஞ்சினார் என்பதற்காக ஒரு சம்பந்தத்தையே வேண்டாமென்றவராம். செரீனாவின் அம்மா எமில்டாவோ நெடுந்தீவுக்காரி. மனதில் இருப்பது அப்படியே வாயில் வரும். வாயில் வராதது கையில் வரும்.

"அம்மா, ஒண்டும் கதைக்க வேண்டாம். ஒண்டையும் தொட வேண்டாம். சும்மா சிலையளைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்றாள் செரீனா, படியேறும்போது.

"நான் என்ன குழந்தைப்பிள்ளையே?" என்றார் எமில்டா.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும், வந்த காரியமே ஒரு கணம் செரீனாவுக்கு மறந்துபோனது. இரண்டு பக்கமும் வெள்ளைக் கல்லில் தலைகள். தாடை தொங்கிய கிழவர் ஒருவர். கொண்டையைக் கூடைபோல அடுக்கிய ஒரு சீமாட்டி. முன்வழுக்கையோடு முறைத்துப் பார்க்கும் ஒரு படைத்தலைவர். மூக்கு உடைந்தவர்களே அதிகம், ஆனால் முகத்தில் ஒரு சுருக்கத்தைக்கூட விடாமல் செதுக்கியிருந்தார்கள். ஸ்ரூடியோக்காரன் பருவையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுத்த, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய தன்னுடைய படத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனிதர்கள் ஈராயிரம் வருடமாக வழுக்கையை மறைக்காமல் நிற்கிறார்கள்.

அந்தக் கோடியில் நீலச் சேலைக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்ட ஓர் அம்மா நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் உயரமாக ஒருவன் சிலையடியில் இருந்த விளக்க அட்டையை வாசித்துக்கொண்டிருந்தான். அப்படி வாசிப்பதற்கு அதில் நான்கு வரிதான் இருந்தது. ஒருமுறை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அங்கிள் காட்டிய படத்தில் இருந்த தலைமயிரில் பாதி நேரில் இல்லை. சிரிப்பு மட்டும் போனில் கேட்ட அதே சிரிப்பு. செரீனாவுக்கு நெஞ்சு அடித்த அடியில், கிட்ட நிற்பவர்களுக்கும் கேட்டுவிடுமோ என்றிருந்தது.

அந்தச் சந்தோசத்தில் அவள் தாயைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

மண்டபத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு மேலான ஒரு சிலை. தோளிலிருந்து பாதம்வரை போர்த்திய நீள அங்கி, கையில் ஒரு சுருள். எமில்டா அதன் முன்னால் போய் நின்றார். நெடுந்தீவுக் கோயிலில் சிறுவயதிலிருந்து பழகிய கை, யாரிடமும் கேட்காமல் தானாக நீண்டது. சிலையின் பாதத்தைத் தொட்டு, விரலை முத்தமிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடி முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்.

"மேடம், தயவுசெய்து தொடவேண்டாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு காவலாளி ஓடிவந்தார். சுற்றிப்பார்க்க வந்த பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீலச் சேலையும் திரும்பியது. எல்லாம் போச்சு என்று செரீனா நினைத்தாள்.

காவலாளி கோபப்படவில்லை. குழம்பிப்போயிருந்தார். "இன்றைக்கு உங்கள் ஆட்களுக்கு ஏதும் திருநாளா?" என்று செரீனாவிடம் கேட்டார். "சற்று முன்னர் அந்த மேடமும் இதே காலைத் தொட்டுத்தான் கும்பிட்டார்."

அவர் கை காட்டிய இடத்தில் மக்டலீன் ரீச்சர் நின்றார். ரீச்சர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். கூரையில் விளக்குகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் சிரித்தது ஜூலியஸ்தான். அடக்கப் பார்த்து முடியாமல் இருமலாக்கப் பார்த்தான், அதுவும் சரிவரவில்லை. செரீனாவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. கிறிஸ்துநாயகம் அங்கிளின் ஏற்பாடு அந்த இடத்திலேயே தவிடுபொடியானது. ரீச்சர் விறுவிறுவென்று எமில்டாவிடம் வந்தார்.

"நீங்கள் ஆரெண்டு நினைச்சுக் கும்பிட்டனீங்கள்?"

"முதல் பாப்பரசர் இராயப்பர் எண்டு. றோமாபுரி அவற்ற இடமெல்லோ."

"நான் சின்னப்பர் எண்டு நினைச்சன். திருமுகம் எழுதினவரெல்லோ, கையில சுருள் இருக்குது."

செரீனா விளக்க அட்டையை வாசித்துச் சொன்னாள். "ரெண்டு பேருமில்லை. பேர் தெரியாத ஆரோ ஒராளாம். வரி அறவிடுற உத்தியோகத்தரா இருக்கலாமாம்."

"அப்போஸ்தலர் மத்தேயுவும் வரி வாங்கினவர்தானே" என்றார் ரீச்சர், விட்டுக்கொடுக்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன கேட்டு மன்றாடினனீங்கள்?" என்றார்.

எமில்டா மகளின் கட்டளையெல்லாவற்றையும் மறந்துபோனார். "வேற என்ன, இந்தச் சம்பந்தம் சரிவரவேணும் எண்டுதான். உங்களை நினைக்கப் பிள்ளைக்கும் பயம், எனக்கும் பயம். ஒரு தாய் தேத்தண்ணி குடிச்ச மாதிரிக்கே வேண்டாமெண்டனீங்களாம்."

செரீனா கண்ணை மூடிக்கொண்டாள்.

ரீச்சர் எமில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பேசியபோது அதிபருடைய குரல் எங்கோ போயிருந்தது. "அது நான் கட்டிவிட்ட கதை, தங்கச்சி. அந்தப் பொம்பிளை வீட்டார்தான் என்ர பிள்ளையை வேண்டாமெண்டவை. அதுக்கு முந்தின இடங்களும் அப்பிடித்தான். ட்ரக் கொம்பனி வேலையாம், தலைமயிரும் கொட்டுதாம். என்ர பிள்ளையை ஒருத்தரும் விரும்பேல்லை எண்டு வெளியில சொல்ல எனக்கு மனம் வரேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான் எண்டு சொல்லிப்போட்டன். இண்டைக்கு அந்தக் காலில நானும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்டனான்."

ஜூலியஸ் திரும்பி நின்று மறுபடி அட்டையை வாசிக்கத் தொடங்கியிருந்தான். காதிரண்டும் சிவந்துபோயிருந்தன. சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை என்பதைச் செரீனாவால் தாங்க முடியவில்லை. பெண்ணுக்குச் சம்மதமா என்பதை அங்கிள் மூலம்தான் சொல்லியனுப்ப வேண்டும், அதுவும் நான்கு நாள் பிகு பண்ணிவிட்டு. அது அவளுக்கும் தெரியும்.

"ரீச்சர், அங்கிள் வந்து சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்க வேண்டாம்" என்றாள். "நானே சொல்லுறன். எனக்கு ஜூலியஸை விருப்பம். இருக்கிற தலைமயிரோடயே விருப்பம்."

அவன் திரும்பினான். அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவ்வளவு நேரமும் நிமிர்ந்தே நின்ற மக்டலீன் ரீச்சர் எமில்டாவின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மி விம்மி அழுதார். தன் மகனை ஒருத்தி வாய்திறந்து விரும்புகிறேன் என்று சொல்லி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.