ராஜப்பன் பார்த்த நல்ல மாசம்

ஆஸ்திரேலியாவுக்கு எந்த மாதம் போவது என்று ராஜப்பன் முடிவெடுப்பதற்குள் மனைவி அமுதவல்லிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மெல்போர்னில் இருக்கும் மகள் கனிமொழிக்கு ஆடிக் கடைசியில் தலைப்பிரசவம். மகள் வலியில் துடிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அமுதவல்லி கேட்டது அவ்வளவுதான். விசாவும் வந்துவிட்டது.

ராஜப்பனோ தினமும் செல்போனில் அந்த நாட்டின் வானிலையை அலசிக்கொண்டிருந்தார்.

"டார்வின்ல புயலாம். பெர்த்துல வெயிலு மண்டையப் பொளக்குதாம்."

"மவ இருக்கறது ஒரே ஊருலதாங்க. நீங்க ஏன் நாடு பூரா மழை பாக்கறீங்க?"

"போறதுன்னா எல்லாந்தான் பாக்கணும்."

பக்கத்திலிருக்கும் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறவே வானத்தைப் பார்க்கிற மனிதரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது! வைகாசியில் போகலாம் என்றால் தோட்டத்தில் தக்காளி காய் பிடிக்கிறது. ஆனியில் போகலாம் என்றால் பறிப்பு. ஆடியிலோ அங்கே குளிர், அதோடு ஆடியில் யாராவது பயணம் கிளம்புவார்களா? உண்மையான காரணம் குளிரும் இல்லை, ஆடியும் இல்லை. முன்பு ஒரு வருடம் விலை படுத்துவிட்டதென்று காய்த்த தோட்டத்தில் ஆட்டை விட்டு மேய்த்தார். மறுவாரமே விலை எகிறியது. தான் முதுகைத் திருப்பினால் தக்காளி விலை ஏறிவிடும் என்ற பயம் அன்று பிடித்தது. பேய் பிடித்தாலும் ஓட்டிவிடலாம், இதை எப்படி ஓட்டுவது?

ஆனிக் கடைசியில் பறித்ததைப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். கேட்க ஆளில்லை. வருகிற வழியில் ரோட்டோரம் கொட்டிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது போன் அடித்தது. திரையில் வெளுத்துப்போன கனிமொழி, மார்பில் துணி சுற்றிய குழந்தை. பெண் குழந்தை, ஒரு மாதம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டது.

"அம்மா..." என்றவள் குழந்தையின் முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக் காட்டினாள். அமுதவல்லி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ராஜப்பன் திரைக்கு முன்னால் தலையை நீட்டினார். "அங்க ரொம்பக் குளுருதா கண்ணு?" என்றார்.

"ஆமாங்கப்பா. நீங்க நல்ல மாசமாப் பாத்து வாங்க."

போன் அணைந்தது. அமுதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை பெற்றவளுக்கென்று கிளறி வைத்திருந்த லேகியத்தைப் பயணப் பெட்டியில் வைத்தாள்.

"நாளன்னைக்கு ஆடி பொறக்குதே..." என்று இழுத்தார் ராஜப்பன்.

"பொறக்கட்டும். உங்க பேத்தி மாசம் பாத்துக்கிட்டா பொறந்தா? எனக்கு மட்டும் டிக்கெட் போடச் சொல்லுங்க."