மொட்டையும் முகப்பதிவும்

வடமாலபேட்டை பக்கத்து மாங்கூழ் ஆலையில் காய் தரம் பிரிக்கக் கேமரா வருகிறது, பாதிப் பேர் வீட்டுக்குத்தான் என்ற பேச்சு கிளம்பியதுமே, அங்கே காய் பிரிக்கும் துலுக்காணம் திருமலைக்கு மொட்டை வேண்டிக்கொண்டார். பட்டியல் வந்தது. இருபது பேரில் ஒன்பது பேர் தப்பினார்கள், அவரும் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை மலையேறி, முடி, மீசை, தாடி எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை காலை, ஆலை கேட்டில் இருந்த முகப்பதிவு இயந்திரம் அவரைப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. "அந்நியர். அனுமதி இல்லை" என்றது.

"இன்னாது, நான் அந்நியனா? பன்னெண்டு வருசமா வந்துகினு கீறேன்!"

"என்கிட்ட கத்தி இன்னா பிரயோசனம்?" என்றார் வாட்ச்மேன் ரங்கையா. "எனக்கு உன்னைத் தெரியும். அதுக்குத் தெர்லியே. கேட்டு இப்ப அது கையிலதான் கீது."

மேனேஜர் ஸ்ரீஹரி வந்தார். இயந்திரத்தின் திறப்பு விழாவில், மனிதத் தவறுகளின் காலம் முடிந்தது என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர்.

"துலுக்காணம், உன்னை எனக்கு நல்லாத் தெரியும். ஆனா டேட்டாவுக்குத் தெரியணும். அர்த்தமாயிந்தா, புரிஞ்சுதா?"

"அப்ப இந்த மூஞ்சிய ஏத்திடுங்க சார்."

"புது முகம் புது ஆளுக்குத்தான் ஏறும். புது ஆளா அப்ளை பண்ணு."

போனிலேயே பண்ணினார். நேர்காணலும் இயந்திரம்தான். தேன் குரலில் ஒரு பெண் முன் அனுபவம் கேட்டாள்.

"இதே கம்பெனில பன்னெண்டு வருசம்மா."

"அந்தப் பெயரில் ஒருவர் ஏற்கெனவே எங்களிடம் பணியில் உள்ளார். ஆள்மாறாட்டம் குற்றமாகும். நன்றி."

ஸ்ரீஹரி நெற்றியைத் தடவி ஒரு வழி கண்டுபிடித்தார். "மூணு நாள் வரலேன்னா சிஸ்டமே பேரை எடுத்துடும். புதன் சாயங்காலம் உனக்கு வேலை போயிடும். வியாழக்கிழமை ஜம்முனு புது ஆளா வந்துடு."

"வேலை போனாதான் வேலையா சார்?"

"அதான் பிராசஸ்."

மூன்று நாளும் துலுக்காணம் காலை சங்கு ஊதும்போதே வந்து, கேட்டருகே உட்கார்ந்து, மாலை வரை வேலைக்கு வராமல் இருந்தார். மாங்காய் லாரிகளை இயந்திரம் நம்பர் பலகை பார்த்து மரியாதையாக உள்ளே விட்டது.

"போன மாசம் வேலை போவக்கூடாதுன்னு பெருமாளை வேண்டினே," என்றார் ரங்கையா. "இப்ப போவணும்னு வேண்டிக்கினு கீறே. அவரே கொழம்பிடுவாருப்பா."

புதன்கிழமை ஐந்தரைக்குத் துலுக்காணத்தின் போனில் செய்தி வந்தது. ஸ்ரீஹரி வெளியே ஓடிவந்து, வாங்கி உரக்கப் படித்தார்: "தங்களின் பன்னிரண்டு ஆண்டு நேர்மையான வருகையைக் கருதி, இந்த மூன்று நாள் தானாகவே மன்னிக்கப்பட்டது. தங்கள் வேலை பத்திரமாக உள்ளது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா! மெஷினுக்கும் மனசு இருக்குய்யா! கங்கிராட்ஸ்!" கையைக் குலுக்கினார். தன் முகத்தைக் காட்டினார். கேட் திறந்தது, அவர் போனதும் மூடிக்கொண்டது.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்றார் ரங்கையா.

"தெர்லண்ணா. வேலை பத்திரமா கீதாம். உள்ள."